தடா எல்லையைக் கடக்கும் வரி: அரசின் வருவாய் கூடுவதும் குறைவதும் எதனால்?

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16இல், தமிழகத்தின் ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் ஆந்திரப் பிரதேசத்தின் தடா வருகிறது. 2017 ஜூன் மாதம் வரை இந்த எல்லையில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்பது அன்றாடக் காட்சி. தமிழகப் பக்கம் எளாவூரிலும் ஆந்திரப் பக்கம் பி.வி.பாளையத்திலும் சோதனைச்சாவடிகள் இருந்தன. சரக்கின் ரசீது, பர்மிட், வணிக வரி ஆவணங்கள் ஆகியவற்றைக் காட்டிய பிறகே லாரிகள் நகர முடியும்.

2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) நடைமுறைக்கு வந்தபின் வணிக வரிச் சோதனை எல்லையிலிருந்து விலகியது. போக்குவரத்து, காவல், கலால் துறைகளின் சோதனை மட்டும் தொடர்கிறது. லாரிகளின் காத்திருப்பு குறைந்தது வெளியில் தெரிந்த மாற்றம். தயாரிக்கும் மாநிலத்துக்கு உரிய வரி எது, வாங்கும் மாநிலத்துக்கு உரிய வரி எது என்ற கணக்கு அடியோடு மாறியது வெளியில் தெரியாத மாற்றம்.

ஓர் அரசின் வரி வருவாய் எதனால் உயர்கிறது, எதனால் சரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த எல்லை நல்ல எடுத்துக்காட்டு. மாநில அரசின் கையில் எஞ்சியிருக்கும் வரிகள் எவை, அவை ஏன் பெட்ரோல், மது, நிலப்பதிவு ஆகியவற்றையே சுற்றி வருகின்றன என்ற கேள்விகளுக்கும் இங்கே விடை கிடைக்கிறது.

எல்லைப் பகுதியின் பின்னணி

மொழிவாரி மாநிலங்கள் உருவானபின் பட்டாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இப்பகுதியின் எல்லை மாற்றியமைக்கப்பட்டது. திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. நீண்டகாலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடாவும், சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடும் 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இணைக்கப்பட்டன.

தடாவை ஒட்டி, சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் பரந்திருக்கும் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் 2008இல் தொடங்கப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலம், உள்நாட்டு விற்பனைக்கான தொழிற்பகுதி, தடையற்ற வர்த்தகக் கிடங்கு மண்டலம் ஆகிய மூன்றும் இங்கு உள்ளன. இசுசு வாகன ஆலை, மெட்ரோ ரயில் பெட்டிகள் தயாரிக்கும் ஆல்ஸ்டாம், குளிர்சாதனக் கருவிகள் தயாரிக்கும் டைகின் முதலிய நிறுவனங்கள் இங்கு இயங்குகின்றன. சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் இதற்கு அருகில் அமைந்துள்ளன. ஆலை ஆந்திரத்தில், துறைமுகமும் பெரிய சந்தையும் தமிழகத்தில் என்பதே இதன் அமைப்பு.

தயாரிக்கும் மாநிலமா, வாங்கும் மாநிலமா?

ஜிஎஸ்டிக்கு முன்பு மாநிலங்களுக்கிடையிலான விற்பனைக்கு 1956ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம் பொருந்தியது. பெயரில் 'மத்திய' என்று இருந்தாலும் அந்த வரியை வசூலித்து வைத்துக்கொண்டது, சரக்கை அனுப்பும் மாநிலமே. நெடுங்காலம் 4 சதவீதமாக இருந்த இந்த வரி 2007 ஏப்ரலில் 3 சதவீதமாகவும், 2008 ஜூனில் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது.

ஜிஎஸ்டி முறையில் வரி, சரக்கு நுகரப்படும் மாநிலத்துக்கே செல்கிறது. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஸ்ரீசிட்டியின் உள்நாட்டுப் பகுதியில் உள்ள ஓர் ஆலை, ஒரு குளிர்சாதனக் கருவியைச் சென்னை வணிகருக்கு 30,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்ளலாம். அதன் மீது 18 சதவீத ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியாக 5,400 ரூபாய் மத்திய அரசின் கணக்கில் செலுத்தப்படும். வணிகர் அதையே 36,000 ரூபாய்க்கு வாடிக்கையாளருக்கு விற்கும்போது மொத்த வரி 6,480 ரூபாய். ஏற்கெனவே செலுத்தப்பட்ட 5,400 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதி 1,080 ரூபாயை வணிகர் கட்டுவார்.

கணக்கு முடியும்போது மத்திய அரசுக்கு 3,240 ரூபாயும் தமிழகத்துக்கு 3,240 ரூபாயும் சேரும். கருவி தயாரான ஆந்திரத்துக்கு இந்த விற்பனையில் மாநில ஜிஎஸ்டி எதுவும் இல்லை. பழைய முறையில் இதே விற்பனையில் 2 சதவீதமாக 600 ரூபாய் ஆந்திரக் கருவூலத்துக்குப் போயிருக்கும். அது மட்டுமல்ல, மூலப்பொருள் வாங்கியபோது ஆலை கட்டிய ஆந்திர மாநில ஜிஎஸ்டியை வரிக்கழிவாகப் பயன்படுத்தினால், அந்தத் தொகையையும் ஆந்திரம் மத்திய அரசின் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும்.

ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி இல்லை. சிறப்புப் பொருளாதார மண்டலத்திலிருந்து உள்நாட்டுக்கு வரும் சரக்கு இறக்குமதியைப் போலக் கருதப்பட்டு, சுங்க வரிக்கும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டிக்கும் உட்படுகிறது. சுங்க வரி மத்திய அரசுக்கு உரியது.

எனவே ஓர் ஆலை வந்தவுடன் மாநிலத்துக்கு வரி கொட்டும் என்ற எண்ணம் முழு உண்மை அல்ல. ஆலையால் மாநிலத்துக்குக் கிடைக்கும் வருவாய் சுற்றுவழியில் வருகிறது. நிலம் கைமாறும்போது முத்திரைத்தாள் கட்டணம், மின்சாரத்தின் மீதான வரி, வாகனப் பதிவு, ஊழியர்களின் தொழில் வரி, சம்பளப் பணம் உள்ளூர்க் கடைகளில் செலவாகும்போது கிடைக்கும் ஜிஎஸ்டி ஆகியவையே அந்த வழிகள். இவற்றிலும் வரம்பு உண்டு. அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவின்படி தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. இந்த உச்சவரம்பு 1988 முதல் மாறவில்லை. ஸ்ரீசிட்டியில் வேலை செய்பவர் சென்னையிலோ கும்மிடிப்பூண்டியிலோ குடியிருந்தால் அவரது குடும்பச் செலவின் மீதான மாநில ஜிஎஸ்டி தமிழகத்துக்கே சேரும்.

விகிதத்தைத் தீர்மானிப்பது யார்?

ஒரு பொருளின் ஜிஎஸ்டி விகிதத்தை எந்த மாநிலமும் தனித்து மாற்ற முடியாது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பும், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு மதிப்பும் உண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. ஆகவே மத்திய அரசு எதிர்த்தால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. மத்திய அரசு விரும்பினாலும் மாநிலங்களின் பெருமளவு ஆதரவு இன்றி நிறைவேறாது.

2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் நீக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்குள் கொண்டுவரப்பட்டன. சில ஆடம்பரப் பொருள்களுக்கும் உடல்நலத்துக்குக் கேடான பொருள்களுக்கும் 40 சதவீதம் விதிக்கப்பட்டது. குளிர்சாதனக் கருவிக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமானது. வாங்குபவருக்கு இது விலைக்குறைவு. அரசுக்கு, விற்பனை அதிகரித்தால்தான் ஈடாகும் இழப்பு.

ஜிஎஸ்டி வந்தபோது, மாநிலங்களின் வருவாய் 2015-16ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 14 சதவீதம் வளரும் எனக் கொண்டு, குறையும் தொகையை 5 ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஈடுசெய்தது. அந்தப் பாதுகாப்பு 2022 ஜூன் 30ஆம் தேதியுடன் முடிந்தது. அதன்பின் வசூல் குறைந்தால் அந்தச் சுமை மாநிலத்துடையதே.

பொருளாதாரம் ஓடினால் வரி வரும்

வரி வருவாயைத் தீர்மானிக்கும் முதல் காரணி பொருளாதாரச் செயல்பாடு. விற்பனை நடந்தால்தான் விற்பனை மீதான வரி. லாபம் வந்தால்தான் லாபத்தின் மீதான வரி. 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் ஜிஎஸ்டி வசூல் 1,13,865 கோடி ரூபாய். கொரோனா ஊரடங்கு நிலவிய 2020 ஏப்ரலில் அது 32,172 கோடி ரூபாயாக வீழ்ந்தது. வரி செலுத்த அவகாசம் நீட்டிக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். 2025 ஏப்ரலில் வசூல் 2.37 லட்சம் கோடி ரூபாய். விகிதங்களை விடவும் தொழிலின் ஏற்ற இறக்கமே வசூலை எவ்வளவு அசைக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

விலைவாசியும் இதில் சேரும். பொருளின் விலையில் சதவீதமாக விதிக்கப்படும் வரி, விலை உயரும்போது தானாகவே உயரும். லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக விதிக்கப்படும் வரி அப்படி உயராது.

பொருளாதாரத்தின் அமைப்பும் முக்கியம். விவசாய வருமானத்தின் மீது மத்திய அரசு வருமான வரி விதிக்க அரசியல் சாசனம் இடம் தரவில்லை. விவசாயமும் மீன்பிடிப்பும் பெருமளவில் வாழ்வாதாரமாக உள்ள பழவேற்காடு ஏரிக்கரை போன்ற பகுதிகளில் உற்பத்தி நடந்தாலும் நேரடி வரி குறைவாகவே கிடைக்கும்.

விகிதம் உயர்ந்தால் வருவாய் உயருமா?

வரி வருவாய் என்பது விகிதத்தையும் அடித்தளத்தையும் பெருக்கிவரும் தொகை. ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்தால் பலன் எப்படியும் போகலாம். தமிழக அரசு 2017 ஜூனில் நிலங்களின் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. 2023இல் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டு, பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டு முறையும் அரசு கையாண்டது இந்தப் பெருக்கல் கணக்கையே.

எல்லைப் பகுதியில் விகிதத்துக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. பக்கத்து மாநிலத்தில் விலை குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் அங்கே போய்விடுவார். ஆந்திரத்தில் பெட்ரோல் மீது 31 சதவீத வாட் வரியும் லிட்டருக்கு 4 ரூபாய் கூடுதல் வரியும் 1 ரூபாய் சாலை மேம்பாட்டு செஸ் வரியும் நடைமுறையில் இருந்தன. தமிழகத்தில் 13 சதவீதத்துடன் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது, ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு ஏற்படும் என்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அறிவித்தார். எல்லையில் வண்டி ஓட்டுபவர் தமிழகப் பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டால், அதே லிட்டருக்கான ஆந்திரத்தின் வரி முழுவதும் தமிழகத்தின் வரியாக மாறிவிடுகிறது.

மது: வருவாயும் விலையும்

மனிதர் அருந்தும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் மாநிலம் தன் விருப்பப்படி வரி விதிக்கக்கூடிய சில பொருள்களில் அதுவும் ஒன்று. அதனாலேயே அரசுகள் அதை அதிகம் சார்ந்திருக்கின்றன. தமிழகத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் உள்ளது.

இந்த வருவாயை ஓர் அரசு கைவிட்ட வரலாறும் இதே வட்டாரத்தில்தான் தொடங்கியது. நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயத்துக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் 1992இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1993இல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. என்.டி.ராமாராவ் அரசு 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. சந்திரபாபு நாயுடு அரசு 1997இல் அதைத் தளர்த்தியது. கடத்தலைத் தடுப்பதில் உள்ள சிரமமும் கருவூலத்தின் நெருக்கடியும் அப்போது பேசப்பட்ட காரணங்கள். அண்டை மாநிலங்களில் மது தாராளமாகக் கிடைக்கும்போது ஒரு மாநிலம் மட்டும் வருவாயை விட்டுக்கொடுத்து விலக்கை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த இரண்டு ஆண்டுகள் சான்று.

2019 அக்டோபரில் ஆந்திர அரசு சில்லறை மதுக்கடைகளைத் தானே ஏற்றது. 2020 மே மாதம் விலையை மொத்தம் 75 சதவீதம் உயர்த்தியது. குடிப்பழக்கத்தைக் குறைப்பதே நோக்கம் என்று அரசு கூறியது. சட்டவிரோத மதுவையும் மணல் கடத்தலையும் தடுக்கச் சிறப்பு அமலாக்கப் பிரிவும் அதே மாதம் அமைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் ஆட்சி மாற்றத்துக்குப் பின் சில்லறை விற்பனை மீண்டும் தனியாரிடம் சென்றது. 99 ரூபாய்க்கும் மது கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. மது வருவாய் உயர்ந்தால் கருவூலம் நிறையும்; அதற்கான விலையைக் குடும்பங்களும் மருத்துவமனைகளும் தருகின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் ஒவ்வோர் அரசும் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.

டெல்லியின் முடிவும் மாநிலத்தின் வருவாயும்

மாநிலத்தின் நிதிநிலையைத் தீர்மானிக்கும் மற்றொரு பெருங்காரணி மத்திய வரிகளில் கிடைக்கும் பங்கு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதிக்குழு பகிர்வுக்குரிய வரித்தொகையில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் ஆந்திரத்தின் பங்கு 4.047 சதவீதம், தமிழகத்தின் பங்கு 4.079 சதவீதம். அதாவது பகிர்வுக்குரிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் இரு மாநிலங்களுக்கும் தலா சுமார் 1 ரூபாய் 66 காசு கிடைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 7.2 கோடி, இன்றைய ஆந்திரத்தின் மக்கள்தொகை சுமார் 5 கோடி. பங்கு ஏறக்குறைய சமமாக இருந்ததற்குக் காரணம், மாநிலத்தின் தனிநபர் வருமானம் குறைவாக இருந்தால் அதிகப் பங்கு தரும் அளவுகோலுக்கு 45 சதவீத எடை தரப்பட்டதே. மாநிலத்தின் சொந்த வரி முயற்சிக்குத் தரப்பட்ட எடை 2.5 சதவீதம் மட்டுமே.

2014இல் தெலங்கானா பிரிந்தபோது பெரும் வருவாய் மையமான ஹைதராபாத் ஆந்திரத்தின் கையை விட்டுப் போனது. அந்த நிலையைக் கருதி 15ஆவது நிதிக்குழு 5 ஆண்டுகளில் ஆந்திரத்துக்கு 30,497 கோடி ரூபாய் வருவாய்ப் பற்றாக்குறை மானியத்தைப் பரிந்துரைத்தது. தொழில் நகரங்களைத் தமிழக எல்லையை ஒட்டி வளர்ப்பதில் ஆந்திரம் காட்டும் ஆர்வத்துக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு உண்டு.

மத்திய அரசு விதிக்கும் செஸ் வரிகளும் மேல்வரிகளும் மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. 2021இல் பெட்ரோல் லிட்டருக்கு மத்திய கலால் வரி 32 ரூபாய் 90 காசாக இருந்தபோது, மாநிலங்களுடன் பகிர்வுக்கு உரிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே.

மத்திய அரசு வரிச்சலுகை அளித்தாலும் அதன் ஒரு பகுதிச் சுமை மாநிலங்கள் மீது விழுகிறது. 2019 செப்டம்பரில் நிறுவன வரி 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைக்கப்பட்டபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விட்டுக்கொடுக்கப்படும் என்று மத்திய அரசு மதிப்பிட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குப் புதிய முறையில் வரி இல்லை என அறிவிக்கப்பட்டது. அதன் மதிப்பீடு சுமார் 1 லட்சம் கோடி ரூபாய். முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டாலும் பகிர்வுத் தொகை குறைவது அமராவதியிலும் சென்னையிலும் உணரப்படும்.

வசூலும் கண்காணிப்பும்

சட்டத்தில் உள்ள வரி முழுவதும் கருவூலத்துக்கு வந்துவிடுவதில்லை. முன்பு தடா எல்லையில் லாரியை நிறுத்திச் செய்த சோதனையின் இடத்தில் இப்போது மின்னணுச் சரக்குச் சீட்டு வந்துள்ளது. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்ல இச்சீட்டு கட்டாயம். வாங்குபவரின் வரிக்கழிவு விற்பவரின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஒருவர் மறைத்தால் மற்றொருவர் கணக்கில் அது தெரியவரும். ஆயினும் சரக்கே இல்லாமல் போலி ரசீது தயாரித்து வரிக்கழிவு பெறும் மோசடி இந்த முறையின் பெரிய ஓட்டையாக இருந்துவருகிறது.

செலவும் கடனும்

வருவாய் போதாதபோது அரசு கடன் வாங்குகிறது. மாநிலங்கள் விரும்பிய அளவுக்குக் கடன் வாங்க முடியாது. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்துள்ள மாநிலம் புதிய கடன் பெற மத்திய அரசின் ஒப்புதல் தேவை என்று அரசியல் சாசனத்தின் 293ஆவது பிரிவு கூறுகிறது. தமிழகம் 2003இலும் ஆந்திரம் 2005இலும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டங்களை இயற்றின.

நிதிநிலையை அளவிட இரண்டு சொற்கள் அடிக்கடி பயன்படுகின்றன. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாமல் போவது வருவாய்ப் பற்றாக்குறை. எல்லாச் செலவுகளுக்கும் கடன் அல்லாத எல்லா வரவுகளுக்கும் இடையிலான இடைவெளி நிதிப் பற்றாக்குறை. கடன் வாங்கிச் சாலை அமைத்தால் பிற்காலத்தில் வருவாய் வர வாய்ப்புண்டு. கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தால் வட்டி மட்டுமே மிஞ்சும்.

மத்திய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி ரூபாய். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் உள்ளதாகக் கணக்கிட்டது.

மறுபக்கம் நலத்திட்டச் செலவு உயர்ந்துவருகிறது. ஆந்திரத்தில் முதியோர் ஓய்வூதியம் 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய். தமிழகத்தில் 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத்தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கப்படுகிறது. ஏழைக் குடும்பத்துக்கு இந்தத் தொகை அரிசியும் மருந்தும் ஆகிறது. அரசுக்கு இது ஒவ்வொரு மாதமும் தவறாமல் தேவைப்படும் வருவாய்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு மாநிலத்தின் வரவு இவ்வாறு மூன்று வகையாகப் பிரிகிறது. ஜிஎஸ்டி விகிதம் கவுன்சிலின் கூட்டு முடிவு. மத்திய வரிப் பங்கு நிதிக்குழுவும் டெல்லியும் தீர்மானிப்பது. எரிபொருள், மது, நிலப்பதிவு, வாகனம், மின்சாரம் ஆகியவற்றின் மீதான வரி மட்டுமே மாநிலம் தானே கூட்டவோ குறைக்கவோ கூடியது. முதல் இரண்டில் குறைவு ஏற்படும்போது மூன்றாவதன் மீது அழுத்தம் விழுவது இயல்பு.

நிதிநிலை அறிக்கை வெளியாகும்போது மொத்த வருவாயின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. அதில் மாநிலத்தின் சொந்த வரி எவ்வளவு, அந்தச் சொந்த வரியில் மதுவும் எரிபொருளும் எவ்வளவு, வருவாயில் வட்டிக்குப் போவது எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் அரசின் நிதிநிலை பெருமளவு விளங்கும். தடா எல்லையின் இருபுறமும் வாழும் மக்கள் பெட்ரோல் போடும்போதும் நிலம் பதிவு செய்யும்போதும் செலுத்தும் தொகைக்கான காரணமும் அந்த விடைகளில் அடங்கியிருக்கிறது.